பழைய கேமிங் லேப்டாப்: ரேம் போடுறதுக்கு முன்னாடி ஒரு மாசக் கணக்கு போடுங்க

போன வருஷம் மே மாசம், சம்பளம் வந்த ரெண்டாவது நாள் ராத்திரி. மேடவாக்கத்துல என்கூட ரூம்ல இருக்குற தம்பி போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ஸ்கிரீன்ல ஒரு புது கேமிங் லேப்டாப். விலை 85,000. கீழே 18 மாசத் தவணை, மாசம் 5,300 சொச்சம். "அண்ணா, ஓகே குடுத்துரட்டுமா? பழசுல ஒண்ணுமே ஓட மாட்டேங்குது"ன்னான்.

அவனுக்குக் கைக்கு வர்றது 34,000. வாடகைப் பங்கு, சாப்பாடு, பெட்ரோல் போக ஊருக்கு 10,000 அனுப்புறான். ஜூன்ல தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதுல 20,000 இவன் பொறுப்பு. அந்தப் பழைய லேப்டாப் 2020-ல இவன் காலேஜ் படிக்கும்போது வாங்கினது. அப்பா கூட்டுறவு பேங்க்ல அம்மா வளையலை வச்சு வாங்கிக் கொடுத்திருக்கார். வளையலை மீட்க ரெண்டு வருஷம் ஆச்சாம். அதனால அதைத் தூக்கிப் போடவும் மனசு வரல, அதோட மல்லுக்கட்டவும் முடியல.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க ரெண்டு விதமா மாட்டுறோம். ஒண்ணு, கோபத்துல புதுசை இஎம்ஐ-ல வாங்குறது. இன்னொண்ணு, பழசுக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரமா கொட்டிக்கிட்டே இருக்குறது. ரெண்டாவதை நானே பண்ணியிருக்கேன். அதனால என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் 19,200 ரூபாய்

என்கிட்ட இருந்தது இன்டெல் ஐ5 ஏழாவது ஜெனரேஷன், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ் இருந்த லேப்டாப். 2018-ல முதல் வேலை கிடைச்ச சந்தோஷத்துல வாங்கினது. மூணு வருஷத்துல இழுக்க ஆரம்பிச்சுது. 2021-ல ரேம் போட்டேன், 4,200. அப்புறம் 1 டிபி எஸ்எஸ்டி, 6,500. அப்புறம் கீல் உடைஞ்சுது, 2,500. கீபோர்டுல நாலு பட்டன் வேலை செய்யல, 1,800. கூலிங் பேட் 1,400. பேட்டரி 2,800, அதுவும் ஒரிஜினல்னு சொல்லிக் கொடுத்த டூப்ளிகேட், எட்டு மாசத்துல உப்பிப் போச்சு. இதெல்லாம் சேர்த்தா 19,200. அந்த நேரத்துல முழு லேப்டாப்பையும் எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்திருந்தா 12,000 வந்திருந்தாலே பெரிசு.

2023 கடைசில மதர்போர்டு போச்சு. சரி பண்ண 14,000 கேட்டாங்க. அன்னைக்குத்தான் நிறுத்தினேன்.

இப்ப நீங்க எதிர்பார்க்குறது "அய்யோ 19,200 வேஸ்ட்"னு நான் சொல்வேன்னு. இல்லைங்க. முதல் அப்கிரேடு போட்டதுல இருந்து அது சாகுற வரைக்கும் 26 மாசம் ஓடுச்சு. 19,200-ஐ 26-ஆல வகுத்தா மாசம் 738 ரூபாய். ஒரு 85,000 ரூபாய் லேப்டாப்பை அஞ்சு வருஷம் வச்சிருந்தா மாசத்துக்கு 1,417 ஆகுது. அப்போ கணக்குப்படி என் செலவு மோசமே இல்லை.

மோசமானது வேற. அந்த 26 மாசத்துல நான் புது லேப்டாப்புக்குன்னு ஒரு ரூபாய் எடுத்து வைக்கல. மதர்போர்டு போன மறுவாரமே கிரெடிட் கார்டை எடுத்துக்கிட்டு போய் 24 மாச இஎம்ஐ-ல புதுசு வாங்கினேன். அதாவது 19,200 கொடுத்து 26 மாசம் வாங்கினேன், வாங்கின மாசத்தை எல்லாம் சும்மா கழிச்சேன்.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த விஷயம் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. பழைய லேப்டாப்புக்கு அப்கிரேடு போடும்போது, கடைக்காரர்கிட்ட நீங்க உண்மையில வாங்குறது மாசம். அடுத்த லேப்டாப் வாங்குற தேதியை அத்தனை மாசம் தள்ளிப் போடுறீங்க. எத்தனை மாசம் கிடைக்கும், ஒரு மாசம் என்ன விலை, அந்த மாசத்துல உங்க அக்கவுன்ட்ல என்ன நடக்கும். இந்த மூணுக்கும் பதில் இருந்தா அப்கிரேடு போடுங்க. இல்லைன்னா ஆயிரம் ரூபாய்கூட போடாதீங்க.

காசை எடுக்குறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க

தம்பி கதைக்கு வருவோம். அவன் போன்ல புது லேப்டாப் மட்டும் இல்லை, இன்னொரு கார்ட்டும் ரெடியா இருந்துச்சு: 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, புது பேட்டரி, ஆறு ஃபேன் இருக்குற கூலிங் பேட். மொத்தமா 20,000-ஐத் தாண்டிருச்சு. "எதுக்குடா 32?"ன்னு கேட்டா, "எல்லாரும் 32 போடச் சொல்றாங்கண்ணா."

டாக்டர்கிட்ட போகாம மருந்துக் கடையில நின்னு நாமளே மாத்திரை சொல்லி வாங்குற மாதிரிதான் இது. அவன் லேப்டாப் ஐ5 ஒன்பதாவது ஜெனரேஷன், ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். விண்டோஸ் இருக்குறது 256 ஜிபி எஸ்எஸ்டி-ல, கேம் எல்லாம் 1 டிபி பழைய ஹார்டு டிஸ்க்ல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுட்டு, அவன் வழக்கமா எப்படி விளையாடுவானோ அப்படியே விளையாடச் சொன்னேன். குரோம்ல பதினஞ்சு டேப், டிஸ்கார்டு, கேம்.

அரை மணி நேரத்துல மூணு விஷயம் தெரிஞ்சுது. ரேம் 90 சதவீதத்துக்கு மேல நிரம்பி நின்னுச்சு. கேம் லோடு ஆகும்போது ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்துல மாட்டிக்கிச்சு. மூணாவதுதான் பெரிய விஷயம்: பிராசஸர் சூடு 97 டிகிரி. ஆரம்பத்துல நல்ல வேகத்துல ஓடினது, பத்து நிமிஷத்துல வேகம் பாதியா குறைஞ்சுது. சூடு தாங்காம பிராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்குது. ஃபேன் சத்தம் மிக்ஸி ஓடுற மாதிரி.

அஞ்சு வருஷமா அந்த லேப்டாப்பை யாரும் திறக்கவே இல்லை. பின்னாடி மூடியைக் கழட்டினா ரெண்டு ஃபேனுக்கும் காத்து வெளிய போற சல்லடைக்கும் நடுவுல தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. பிராசஸர் மேல தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. ஒரு கடையில கொடுத்து சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்தினோம், 900 ரூபாய். அன்னைக்கு ராத்திரி அதே கேம், சூடு 85-ஐத் தாண்டல. வேகம் குறையல.

900 ரூபாய்ங்க. அவன் கார்ட்டுல வச்சிருந்த 20,000-க்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை. 32 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் அந்தத் தூசி அங்கேயேதான் இருந்திருக்கும். நம்ம ஊர் வெயில்ல, புழுதியில, கட்டில்ல போர்வை மேல வச்சு விளையாடுற பழக்கத்துல, மூணு வருஷம் தாண்டின எந்த கேமிங் லேப்டாப்பா இருந்தாலும் முதல் செலவு இதுதான்னு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன். வாரண்டி இருந்தா மட்டும் சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டுத் திறங்க. எப்படிச் சுத்தம் பண்றாங்கன்னு வீடியோல முழுசா காட்டியிருக்கேன், பார்த்துட்டு நீங்களே பண்ணணும்னு கட்டாயம் இல்லை. ஃபேன் வயரை இழுத்து உடைச்சவன் நான்.

எது மாத்தலாம், எது மாத்தவே முடியாது

டெஸ்க்டாப் வச்சிருக்குற நண்பர்கள் சொல்றதைக் கேட்டு ஏமாறாதீங்க. கேமிங் லேப்டாப்ல பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருப்பாங்க. நம்ம பட்ஜெட்ல வர்ற மாடல்கள்ல அதை மாத்த வழியே கிடையாது. வெளிய கிராபிக்ஸ் கார்டு மாட்டுற பெட்டி இருக்கேன்னு கேட்பீங்க. அதுக்கு லேப்டாப்ல தண்டர்போல்ட் மாதிரி போர்ட் வேணும், அது பழைய பட்ஜெட் மாடல்கள்ல இருக்காது. இருந்தாலும் அந்தப் பெட்டியும் கார்டும் சேர்ந்து வர்ற விலைக்குப் புது லேப்டாப் பாதி வந்துரும். அந்தப் பக்கம் போகாதீங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, உங்க பிரச்சினை கிராபிக்ஸ் சிப்னா ரேமோ எஸ்எஸ்டி-யோ அதைத் தீர்க்காது. 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி பத்தாம கேம் திக்குதுன்னா, ரேமை 64 ஜிபி ஆக்கினாலும் திக்கும். சில கேம் திறக்கவே திறக்காது. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே-ல வந்த டூம் த டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாம ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650-ல அது இல்லை. அந்த மாதிரி கேம்தான் வேணும்னா அப்கிரேடு கணக்கே தேவையில்லை, நேரா சேமிப்புக் கணக்குக்குப் போங்க. வாலரண்ட், ஜிடிஏ 5 மாதிரி விளையாடுறவங்களுக்கு 1650 இன்னும் போதும்.

ஜிடிஏ 6 வருதே, அதுக்காக இப்பவே லேப்டாப் எடுத்து வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ராக்ஸ்டார் 2026 நவம்பர் 19-னு தேதி சொல்லியிருக்குறது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். அந்த அறிவிப்புல பிசி இல்லை. வராத கேமுக்கு இப்ப இஎம்ஐ கட்டாதீங்க.

சரி, மாத்த முடிஞ்சது என்ன? பெரும்பாலான மாடல்கள்ல ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி. அவ்வளவுதான்.

இதுல எஸ்எஸ்டி-யைப் பத்தி எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100-ல இருந்து 150 எம்பி வரைக்கும் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி-க்கு மேல படிக்கும். அதனால ஹார்டு டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டி-க்கு மாறுறது கண்ணுக்குத் தெரியுற மாற்றம். ஆனா ஏற்கனவே எஸ்எஸ்டி-ல ஓடுறவங்க அதைவிட வேகமான எஸ்எஸ்டி-க்கு மாறினா கேம்ல பெரிசா ஒண்ணும் தெரியாது, லோடிங்ல ரெண்டு மூணு செகண்ட். பாக்ஸ்ல 7,000 எம்பி-னு பெருசா போட்டிருக்குற ஜென் 4 எஸ்எஸ்டி-யைப் பழைய ஜென் 3 ஸ்லாட்ல மாட்டினா, ஓடப்போறது சுமார் 3,500-லதான். மிச்ச வேகத்துக்கு நீங்க கொடுத்த காசு அலங்காரம்.

இன்னொரு விஷயம், இது ஃபைனான்ஸ் சேனல்ங்கறதால சொல்றேன். இந்த மூணுல எஸ்எஸ்டி மட்டும்தான் லேப்டாப் செத்தாலும் உயிரோட இருக்கும். 500, 600 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டா எக்ஸ்டர்னல் டிரைவ் ஆயிரும். என் 6,500 ரூபாய் எஸ்எஸ்டி-ல தான் இன்னைக்கும் இந்த சேனலோட ஃபுட்டேஜ் எல்லாம் இருக்கு. ரேம் அப்படி இல்லை. உங்க பழசுல இருக்குறது டிடிஆர்4, இப்ப வர்ற புது கேமிங் லேப்டாப்கள் பெரும்பாலும் டிடிஆர்5, அதுல இது உள்ளேயே போகாது. பேட்டரி அந்த மாடலோட முடிஞ்சுது. எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கும்போது "சார், போன வருஷம்தான் பேட்டரி மாத்தினேன்"னு சொல்லிப் பாருங்க, ஒரு ரூபாய் ஏத்த மாட்டாங்க.

ரேம் வாங்கப் போறவங்க டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைப் பாருங்க, எத்தனை ஸ்லாட்ல எத்தனை நிரம்பியிருக்குன்னு அங்கேயே காட்டும். ஒரே ஸ்டிக் போட்டு ஒரு ஸ்லாட் காலியா இருந்தா, அதே அளவுல இன்னொரு ஸ்டிக் போடுறது நல்ல அப்கிரேடு. 8-ல இருந்து 16 ஆகுறதோட, ரெண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடுறதால கேம் நடுவுல திக்குறதும் குறையும். 16-ல இருந்து 32 போறது, நீங்க வீடியோ எடிட்டிங்கோ வேற கனமான வேலையோ பண்ணலைன்னா, மனசு திருப்திக்குத்தான்.

பேட்டரி பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை: டச்பேடு மேல தூக்கிக்கிட்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ, அது அப்கிரேடு கேள்வியே இல்லை, பாதுகாப்புக் கேள்வி. அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க. மத்தபடி கேமிங் லேப்டாப்பை எப்பவும் சார்ஜர்லதான் வச்சு விளையாடுவீங்க, பேட்டரி 40 நிமிஷம்தான் நிக்குதுங்கறதுக்காக 4,000 செலவு பண்ணாதீங்க.

என்னோட வரம்பு

எவ்வளவு வரைக்கும் போடலாம்? நான் வச்சிருக்குற வரம்பு, அடுத்து நீங்க நிஜமாவே வாங்கப் போற லேப்டாப் விலையில பத்துல ஒரு பங்கு. சுத்தம் பண்றது, ரேம், எஸ்எஸ்டி, கூலி எல்லாம் சேர்த்து. அதுவும் ஒரே ஒரு தடவை. அதுல குறைஞ்சது ஒரு வருஷமாவது கிடைக்கணும். இது எந்தப் புத்தகத்துலயும் இருக்குற விதி இல்லை, 19,200 கொடுத்து நான் கத்துக்கிட்டது. "ஒரே ஒரு தடவை"ங்கறது ரொம்ப முக்கியம். என் ஆறு செலவுல ஒண்ணுகூட தனியாப் பார்த்தா பெரிசு இல்லை. ஒவ்வொண்ணுக்கும் "ஏற்கனவே இவ்வளவு போட்டாச்சே"ன்னு ஒரு காரணம் இருந்துச்சு. கிணத்துல விழுந்த குடத்தை எடுக்கப் போய் கயித்தையும் விட்ட கதை.

தம்பிக்கு 85,000-ல பத்துல ஒண்ணு 8,500. அவன் போட்டது சுத்தம் பண்ண 900, ரிச்சி தெருவுல வாங்கின 8 ஜிபி ரேம் 2,100, ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போட்ட 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,400. மொத்தம் 6,400. 18 மாசம் ஓட்டணும்னு முடிவு பண்ணினோம். மாசத்துக்கு 355 ரூபாய் ஆகுது.

ரிச்சி தெருவுக்குப் போறவங்க பழைய ரேமைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. அதே வகை, அதே வேகம்னு காட்டி வாங்கலாம். பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. "பில் இல்லாம வாங்கினா 200 குறைச்சுக்கலாம்"னு சொன்னா சிரிச்சுக்கிட்டே அடுத்த கடைக்கு நடங்க.

இப்ப இஎம்ஐ பக்கத்தைப் பாருங்க. 85,000-க்கு 18 மாசம், வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னா மாசத் தவணை சுமார் 5,300. மொத்த வட்டி சுமார் 10,450. கார்டு இஎம்ஐ-ல அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற, அது சுமார் 1,880. ஆக, 85,000 ரூபாய் பொருளுக்கு 97,000-க்கு மேல. பிராசசிங் ஃபீஸைச் சேர்க்கவே இல்லை.

அதே தம்பி மாசம் 5,000 ஆர்டி-ல போட்டா 18 மாசத்துல 90,000 அசல். 6.5 சதவீத வட்டின்னா மேல சுமார் 4,600. ஒரு பக்கம் 12,300 கொடுக்குறோம், இன்னொரு பக்கம் 4,600 வாங்குறோம். வித்தியாசம் கிட்டத்தட்ட 17,000. அப்கிரேடுக்குப் போட்ட 6,400-ஐக் கழிச்சாலும் 10,000-க்கு மேல மிச்சம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே அண்ணா?" அவனும் இதைத்தான் கேட்டான். பேங்க் வட்டி இல்லாம கடன் கொடுக்காதுங்க. ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. இப்ப நடக்குறது, வட்டி அளவுக்கு விலையில ஒரு தள்ளுபடி காட்டிட்டு, அந்த வட்டியைத் தவணையில வாங்கிக்கிறாங்க. வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி உங்க தலையில. முழுசா காசு கட்டினா கிடைச்சிருக்குற கார்டு ஆஃபரும் பல சமயம் கை நழுவிப் போகும். 15 சதவீத இஎம்ஐ-யை விட இது எவ்வளவோ பரவாயில்லை, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஒரு தவணை தவறி கார்டு பில் நிலுவையில நின்னா மாசம் 3-ல இருந்து 4 சதவீதம் வரைக்கும் வட்டி ஓடும். ஜூன்ல தங்கச்சி ஃபீஸ் கட்ட வேண்டிய பையனுக்கு, ஜூன்லயே முதல் தவணையும் வந்து நின்னா எது தவறும்னு உங்களுக்கே தெரியும். ஆர்டி-ல ஒரு மாசம் விட்டா சின்ன அபராதம், அவ்வளவுதான்.

"காத்திருந்தா விலை ஏறிடுமே"

இது நியாயமான கேள்வி, இதை மழுப்ப நான் தயாரா இல்லை. 2025 கடைசில இருந்து மெமரி விலை நல்லா ஏறியிருக்கு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எவ்வளவு இருந்தாலும் பத்தல, தயாரிக்கிறவங்க சரக்கை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. நம்மில் பல பேர் கண்ணை மூடிக்கிட்டு வாங்குற க்ரூஷியல் பிராண்டையே கடைச் சந்தையில இருந்து நிறுத்தப் போறதா மைக்ரான் டிசம்பர்ல அறிவிச்சுது. தம்பி 2,100-க்கு வாங்கின ஸ்டிக்கை இன்னைக்கு அந்த விலைக்கு எதிர்பார்க்காதீங்க. (என் பழைய 16 ஜிபி-யை 1,500-க்குத் தள்ளிவிட்டதை நினைச்சா இப்ப வயிறு எரியுது.) ரேம் ஏறினா புது லேப்டாப் விலையும் ஏறும்.

அப்போ என் கணக்கு தப்பாகுதா? தம்பி விஷயத்துல, விலை 10,000 ஏறினாலும் அவன் சமமா நிப்பான், நஷ்டம் இல்லை. அதுக்கு மேல ஏறினா இஎம்ஐ-ல வாங்கினவன் ஜெயிச்சிருப்பான், உண்மைதான். ஆனா ஜெயிக்கிறதுக்கு அவன் 18 மாசம் எந்தத் தவணையும் தவறாம, வேலை போகாம, வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வராம இருக்கணும். 34,000 சம்பளத்துல அந்தப் பந்தயம் கட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. சம்பளம் 90,000, வீட்டுப் பொறுப்பு கம்மி, ஆறு மாசச் செலவுக்குக் காசு தனியா இருக்கு, அப்படின்னா உங்க முடிவு வேறயா இருக்கலாம். தாராளமா இருக்கலாம்.

இப்ப அப்கிரேடு யோசிக்கிறவங்க ஏறின விலையை வச்சுக் கணக்கு போடுங்க. பத்துல ஒரு பங்கு வரம்பு அப்படியே இருக்கட்டும். ரேம் அதுல அடங்கலைன்னா செகண்ட் ஹேண்ட் ரேம் பாருங்க. ரேம் சீக்கிரம் தேயுற பொருள் இல்லை, மாட்டிட்டு விண்டோஸ்லயே இருக்குற மெமரி டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க. செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி மட்டும் வேண்டாம், அது எழுத எழுதத் தேயும். எதுவுமே அடங்கலைன்னா தூசியை மட்டும் தட்டுங்க, குரோமை மூடிட்டு விளையாடுங்க. காசு கேட்காத அப்கிரேடு அது.

பழசை விட்டுர வேண்டியவங்களும் இருக்காங்க. என் பழைய லேப்டாப் மாதிரி ஏழாவது ஜெனரேஷன் இன்டெல், ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் வச்சிருக்குறவங்க இன்னைக்கு அதுல 5,000 போட யோசிக்கணும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுது, விண்டோஸ் 11 அந்தப் பிராசஸர்களை முறைப்படி ஏத்துக்காது. கூடுதலா ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்க வழி இருக்கு, அதுவும் 2026 அக்டோபரோட சரி. 10 சீரிஸுக்குப் புது கேம் டிரைவர்களையும் என்விடியா நிறுத்திருச்சு, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். அதுல நெட் பேங்கிங் பண்றீங்கன்னா இது கேமைத் தாண்டின பிரச்சினை. கீல் உடைஞ்சு பாடியே பிளந்து நிக்குறது, மதர்போர்டு ஒரு தடவை ரிப்பேர் ஆனது, இதுக்கெல்லாம் ரேம் போடாதீங்க.

அந்த லேப்டாப்லயே எடிட்டிங் பண்ணி, 3டி பண்ணி மாசாமாசம் காசு பார்க்குறவங்க கணக்கும் வேற. மெதுவா ஓடுறதால உங்களுக்கு மாசம் எத்தனை வேலை கை நழுவுதுன்னு பாருங்க, அந்த ரூபாயோட இஎம்ஐ-யை ஒப்பிடுங்க. ஆனா உண்மையைச் சொல்லுங்க. "வேலைக்கு வேணும்"னு சொல்ற பல பேருக்கு வேலைக்கான லேப்டாப்பை ஆபீஸே கொடுத்திருக்கு, தோள்ல தொங்குற பையிலதான் இருக்கு. விளையாடத்தான் வேணும்னா விளையாடத்தான்னு சொல்லுங்க. அது தப்பே இல்லை. பத்து மணி நேரம் டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுறதுக்குக் காசு செலவு பண்ணலாம். பட்ஜெட்ல அதை "பொழுதுபோக்கு"ங்கற வரில எழுதுங்க, "முதலீடு"ன்னு எழுதி உங்களையே ஏமாத்திக்காதீங்க.

தம்பி ஜூன்ல ஃபீஸ் கட்டிட்டான். ஜூலைல ஆர்டி ஆரம்பிச்சான். நடுவுல தீபாவளி ஆஃபர்ல ஒரு தடவை ஆடிப்போனான், ராத்திரி பன்னெண்டு மணிக்கு மறுபடியும் போனை நீட்டினான். ஆர்டி-யை உடைச்சா எவ்வளவு வரும்னு பார்த்தோம், 20,000 சொச்சம். 20,000-க்கு எந்த கேமிங் லேப்டாப் வரும்னு தேடினோம். தூங்கப் போயிட்டான். இந்த மாசம் எட்டாவது தவணை போயிருக்கு. ஃபேன் சத்தம் மறுபடியும் லேசா ஏறுது, அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்களே திறந்து தூசி தட்டப் போறோம். கேமராவை ஆன் பண்ணி வைக்கிறேன், இந்தத் தடவை ஃபேன் வயர்கிட்ட நான் போகலை, அவன்தான் கழட்டப் போறான்.